டேம் மீனா, கடல் மீனா? மீனில் கன உலோகம்: தொடக்கநிலை விளக்கம்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் காதில் விழும் முதல் கேள்வி, "டேம் மீனா, கடல் மீனா?" என்பது. டேம் மீன் என்றால் கிருஷ்ணகிரி அணை, மேட்டூர் அணை, ஒகேனக்கல் பக்கத்துக் கட்லா, ரோகு, ஜிலேபி. கடல் மீன் என்றால் இரவோடு இரவாக ஐஸ் பெட்டியில் மலையேறி வந்த மத்தி, சங்கரா, வஞ்சிரம். கடற்கரையே இல்லாத இரண்டு மாவட்டங்களில் இப்படிக் கேட்பது இயல்புதான்.

ஆனால் கன உலோகம் பற்றிய கவலைக்கு அந்தக் கேள்வியால் பதில் கிடைக்காது. கேட்க வேண்டியது வேறு: இந்த மீன் எதைத் தின்று வளர்ந்தது, எத்தனை வருஷம் உயிரோடு இருந்தது? இந்த இரண்டும் தெரிந்தால் பாதிக்கு மேல் விஷயம் தெரிந்த மாதிரி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

மீனில் "கெமிக்கல்" என்றதும் நம் ஊரில் பலருக்கு ஃபார்மலின் ஞாபகம் வரும். அது மீன் பிடிபட்ட பிறகு, கெடாமல் இருக்க யாரோ சேர்ப்பது. கன உலோகத்தை யாரும் சேர்ப்பதில்லை. மீன் உயிரோடு நீந்தும்போதே அதன் சதைக்குள் சேர்ந்துவிடுகிறது. கண் பளபளப்பாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் மீன் புதிதா பழசா என்று சொல்லும். பாதரசம் பற்றி ஒன்றும் சொல்லாது. வாசனை, நிறம், ருசி எதிலும் அது தெரியாது. அன்று காலை வலையில் ஏறிய சுறாவிலும் அது இருக்கும்.

தருமபுரிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது. பல்லில் கறை, எலும்பில் வலி என்று வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடு கன உலோகம் இல்லை, ஆனால் குணம் ஒன்று: கண்ணுக்குத் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது, ஒரே நாளில் ஒன்றும் செய்யாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் காட்டிக்கொடுக்கும்.

மீனைப் பொறுத்தவரை பேசவேண்டிய உலோகங்கள் நான்கு: பாதரசம், காட்மியம், காரீயம், ஆர்சனிக். இதில் கடல் மீனின் சதையைச் சாப்பிடுபவர் கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் பாதரசத்துக்குத்தான். அதனால் அதற்கே அதிக இடம்.

பாதரசம் மீனுக்குள் போகும் வழி

நிலக்கரியில் இம்மியளவு பாதரசம் உண்டு. எரிக்கும்போது அது ஆவியாகிப் புகையோடு மேலே போகிறது. சிறு அளவில் தங்கம் பிரிக்கும் இடங்களிலிருந்தும், எரிமலைகளிலிருந்தும்கூட வருகிறது. காற்றில் மாதக்கணக்கில் மிதந்து, எங்கெங்கோ மழையோடு இறங்கி, கடைசியில் கடலில் சேர்கிறது. மேட்டூரிலும் ஒரு பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது. ஆகவே கடல் இல்லாத ஊருக்குக் கடல் பாதரசத்தோடு சம்பந்தமில்லை என்று சொல்லமுடியாது.

இப்படி விழும் பாதரசம் அப்படியே இருந்தால் பெரிய தொல்லையில்லை. பிராணவாயு இல்லாத சேற்றிலும் நீரடுக்கிலும் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. பழைய வெப்பமானிக்குள் இருக்கும் திரவப் பாதரசத்தைத் தவறி விழுங்கினால் குடல் அதைக் கிட்டத்தட்ட முழுதாக வெளியே தள்ளிவிடும். (அதன் ஆவியை மூச்சில் இழுப்பதுதான் கெடுதல்.) மெத்தில் பாதரசம் அப்படியில்லை: சாப்பிட்டதில் சுமார் 95 சதவீதம் ரத்தத்தில் ஏறிவிடும்.

இனி தின்பவன், தின்னப்படுபவன் கணக்கு. பாசி நீரிலிருந்து மெத்தில் பாதரசத்தை எடுக்கிறது. நுண்ணுயிர் பாசியைத் தின்கிறது. அதை நெத்திலியும் அயிலையும் தின்கின்றன; அந்த இரண்டையும் வஞ்சிரமும் சூரையும் தின்கின்றன; வஞ்சிரத்தையும் சூரையையும் பெரிய சுறா தின்கிறது. தின்றதில் சதையும் கொழுப்பும் எரிந்து சக்தியாகப் போகும், பாதரசம் மட்டும் வெளியேறாமல் தங்கும். ஒவ்வொரு படியிலும் இப்படி அடர்ந்துகொண்டே போய், உச்சியில் இருக்கும் மீனின் சதையில் சுற்றியுள்ள நீரைவிடப் பத்து லட்சம் மடங்கு வரை ஏறிவிடுகிறது.

ஆக, வயதும் எடையும் முக்கியம். ஒரே இனத்தில் ஒன்றரைக் கிலோ வஞ்சிரத்தைவிட எட்டுக் கிலோ வஞ்சிரத்தில் பாதரசம் கூடுதலாகவே இருக்கும். சந்தையில் விலை ஏறுவதும் அதே திசையில்தான் என்பது ஒரு வேடிக்கை. வீட்டில் யாருக்கு நல்லது செய்யவேண்டும் என்று நினைக்கிறோமோ அவருக்குப் பெரிய துண்டாக வாங்கிப் போடுகிறோம்.

உடம்புக்குள் என்ன செய்கிறது

மெத்தில் பாதரசம் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய வடிவத்தில், மூளைக்குத் தேவையான அமினோ அமிலம் போலவே வேஷம் போட்டு மூளையின் காவலைத் தாண்டிவிடுகிறது. நஞ்சுக்கொடியையும் அதே வழியில் தாண்டுகிறது. தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் சராசரியாக 1.7 மடங்கு அதிகம் என்று அளந்திருக்கிறார்கள். வளரும் மூளைக்குத்தான் முதல் அடி.

அளவு மிக அதிகமானால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் மினமாட்டா காட்டியது. அங்கே ஒரு ரசாயன ஆலை பல்லாண்டுகள் வளைகுடாவில் கழிவைக் கொட்டியது. 1956இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது: கைகால் விரல்களிலும் வாயைச் சுற்றியும் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், பார்வை குழாய் வழியே பார்ப்பதுபோல் குறுகுதல், காது மந்தம். மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று விழுந்தன. நோய்க்குறி பெரிதாக இல்லாத தாய்மாருக்கும் கடுமையான பாதிப்போடு குழந்தைகள் பிறந்தன. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள். இந்தியா 2018இல் அதை ஏற்றது.

வாரம் ஒருமுறை மீன் வாங்கும் வீட்டில் மினமாட்டா வராது. அங்கே இருந்த அளவே வேறு. சாதாரணச் சாப்பாட்டில் பேசவேண்டிய பாதிப்பு நுணுக்கமானது: கருவிலிருந்த குழந்தையின் பேச்சு, நினைவு, கைத்திறன் கொஞ்சம் பின்தங்குவது. திமிங்கில இறைச்சியும் தின்னும் ஃபாரோ தீவுகளில் அப்படிப் பின்தங்கியதைக் கண்டார்கள். தினமும் மீன் தின்னும் செஷல்ஸ் தீவுகளில் அப்படித் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. மீனிலுள்ள ஒமேகா-3 போன்ற சத்துக்கள் மூளைக்கு நல்லதும் செய்வது ஒரு காரணமாக இருக்கலாம். "மீனையே விட்டுவிடு" என்று யாராவது சொன்னால் அது அரைகுறைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு பாதரசத்தை வெளியேற்றவும் செய்கிறது, மெதுவாக. ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய சுமார் 50 நாள். 100 நாளில் கால் பங்கு, 150 நாளில் அரைக்கால் பங்கு. குழந்தைக்குத் திட்டமிடும் பெண் பெரிய மீன்களை ஐந்து மாதம் முன்பே நிறுத்துவது நல்லது என்று சொல்வதன் கணக்கு இதுதான். கரு உறுதியான பிறகு நிறுத்தினால் முதல் சில மாதங்களுக்குப் பழைய இருப்பு ஓடிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு சாப்பிடலாம்: நீங்களே போடும் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு வைத்த வரம்பு: வாரத்துக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். இது கருவிலிருக்கும் குழந்தையை மனதில் வைத்துப் போட்டது. 60 கிலோ பெண்ணுக்கு 60 × 1.6 = 96 மைக்ரோகிராம். 15 கிலோ குழந்தைக்கு 24.

அடுத்த படி சுலபம். மீனில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும் எண்ணால் இதை வகுத்தால், வாரத்துக்கு எத்தனை கிராம் மீன் என்று வந்துவிடும். (கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்பதும் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் என்பதும் ஒன்றேதான்.) அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்நாட்டுச் சந்தை மீன்களில் அளந்த சராசரிகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

சுறா, கிலோவுக்கு சுமார் 0.98 மில்லிகிராம்: 60 கிலோ பெண்ணுக்கு வாரம் 98 கிராம், அதாவது ஒரே ஒரு துண்டு. நம் வஞ்சிரத்தின் அதே பேரினத்தைச் சேர்ந்த, அட்லாண்டிக்கில் பிடிக்கும் பெரிய மீன் ஒன்றில் 0.73: சுமார் 130 கிராம். மஞ்சள்துடுப்புச் சூரை 0.35: 270 கிராம். மத்தி 0.013: ஏழு கிலோவுக்கு மேல், யாராலும் தின்ன முடியாது. நெத்திலி, இறால், ஜிலேபி எல்லாம் மத்தியின் பக்கத்தில்தான் நிற்கின்றன.

15 கிலோ குழந்தைக்கு அதே சுறா 24 கிராம். எலுமிச்சம்பழ அளவுகூட வராது.

இவை அமெரிக்கச் சந்தை எண்கள். நம் கடையில் கிடைக்கும் வஞ்சிரத்தில் கூடவோ குறையவோ இருக்கலாம். இரண்டு கிலோவுக்கு உட்பட்டதாக இருந்தால் குறைவாகவே இருக்கும். ஆனால் வரிசை மாறாது. சுறா, கொப்பரக்குல்லா, மயில் மீன், பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் உச்சியில்; பாறை, சங்கரா போன்றவை நடுவில்; மத்தி, நெத்திலி, அயிலை, கிழங்கான், இறால் அடியில்.

இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் மூன்று தவறுகள். ஒன்று, வறுத்த பிறகு எடை போடுவது. மீனில் முக்கால் பங்கு தண்ணீர். வறுத்தால் தண்ணீர்தான் போகும், பாதரசம் போகாது. பச்சை மீனின் எடையைத்தான் எடுக்கவேண்டும். இரண்டு, ஒரு வாரம் வரம்பு தாண்டிவிட்டதென்று பதறுவது. இது வாழ்நாள் முழுக்க வாராவாரம் சாப்பிடும் சராசரிக்கான வரம்பு. கல்யாண விருந்தில் இரண்டு துண்டு வஞ்சிரம் தின்றால் அடுத்த இரண்டு வாரம் மத்தி வாங்குங்கள், போதும். மூன்று, சட்ட வரம்புக்குள் இருக்கிறது என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று நினைப்பது. இந்தியாவில் சாதாரண மீனுக்குக் கிலோவுக்கு 0.5, வேட்டையாடும் பெரிய மீனுக்கு 1.0 மில்லிகிராம் வரை பாதரசம் அனுமதி. விற்கலாம் என்பதற்கான வரம்பு அது. மேலே பார்த்த 98 கிராம் சுறாவும் அந்த வரம்புக்குள் இருப்பதுதான்.

கருத்தரிக்கும் வயதைக் கடந்தவர்களுக்கும் ஆண்களுக்கும் இந்த வாராந்தர அளவைப்போல இரண்டு மடங்கு வரை நரம்புப் பாதிப்பு எதிர்பார்க்கவில்லை என்று வரம்பை வைத்த அதே வல்லுநர் குழு பின்னர் விளக்கியது. அந்த அளவுக்குள் தின்னும் ஐம்பது வயதுக்காரர் சுறாவைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பால் சுறா

பச்சை உடம்புக்காரிக்குப் பால் ஊற சுறாப் புட்டு, பால் சுறாக் குழம்பு, பூண்டு தட்டிப்போட்ட கருவாட்டுக் குழம்பு: தமிழ்நாடு முழுக்க இந்தப் பழக்கம் உண்டு, நம் மலைப்பக்க ஊர்களிலும் தாய் வீட்டார் தேடிப்பிடித்து வாங்கி வருவார்கள். அக்கறையால் செய்வதுதான். ஆனால் மேலே போட்ட வரிசையைப் பாருங்கள்: எந்த மீனைக் குறைக்கச் சொல்கிறோமோ அதையே, குறைக்க வேண்டிய ஆளுக்கு, ஒரு மாதம் தொடர்ந்து கொடுக்கிறோம்.

மிகைப்படுத்தவும் கூடாது. தாய்ப்பாலில் மெத்தில் பாதரசம் இறங்குவது நஞ்சுக்கொடி வழியே போவதைவிடக் குறைவு. பால் சுறா என்று கடையில் தருவது சிறிய சுறாவாக இருந்தால் அளவும் குறையும். தாய்ப்பாலை நிறுத்த இது காரணமே ஆகாது. ஆனால் பெற்றவளுக்கு வேண்டியது புரதமும் கால்சியமும் ஒமேகா-3யும் என்றால், அதை மத்தியும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் கால் விலையில் தருகின்றன. அதே பூண்டு, அதே மிளகு, அதே புட்டு. மீனை மட்டும் மாற்றினால் போதும். மத்தியை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்தால் புட்டு நன்றாகவே வரும். மாமியாரிடம் பேச இதைவிடச் சுமுகமான வழி கிடையாது.

கருவாடு

ஐஸ் பெட்டி வருவதற்கு முன் இந்தப் பக்கம் வந்த கடல் மீன் பெரும்பாலும் கருவாடுதான். வாரச் சந்தைகளில் இன்றும் அதற்குத் தனி வரிசை உண்டு. தண்ணீர் வற்றியதால் ஒரு கிலோ கருவாட்டுக்கு இரண்டரை மூன்று கிலோ பச்சை மீன் கணக்கு. பாதரசமும் கிராமுக்கு அத்தனை மடங்கு. 50 கிராம் நெத்திலிக் கருவாடு என்றால் 150 கிராம் நெத்திலி. அதில் பாதரசம் இரண்டு மூன்று மைக்ரோகிராம்தான். அதே 50 கிராம் சுறாக் கருவாடு என்றால் 150 மைக்ரோகிராமை நெருங்கலாம், வாரக் கணக்கு ஒரே குழம்பில் முடிந்தது. நெத்திலிக் கருவாட்டில் கவனிக்க வேண்டியது உப்பும் மணலும்தான்.

மற்ற மூன்று உலோகங்கள், சுருக்கமாக

காட்மியம் சதையில் அதிகம் சேராது. ஈரல், சிறுநீரகம், நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் குழைவு, கணவாயின் உள்ளுறுப்பு ஆகியவற்றில் சேரும். மனிதருக்கு வந்தால் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டு வரை குடியிருக்கும். வழி சுலபம்: குடல் ஈரலை எடுத்துவிட்டுச் சமையுங்கள், நண்டின் மஞ்சள் குழைவை வழித்துப் போடுங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. பீடி சிகரெட் பிடிப்பவர் உடம்பில் காட்மியம் மற்றவர்களைவிட இரு மடங்கு அளவில் இருக்கும். அவர் மீனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ஆனால் மீன் அதற்குச் சின்ன வாசல்தான். தமிழில் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் "ஈயம்" என்ற ஒரே பெயரில் அழைப்பதால் ஒரு ஆபத்து உண்டு: ரசம் வைக்கும் ஈயச்சொம்பு சுத்தமான வெள்ளீயமாக இருக்கவேண்டும். காரீயம் கலந்திருந்தால் புளித்தண்ணீர் அதை இழுத்துவிடும். பித்தளைச் சட்டிக்குப் பூசும் ஈயத்துக்கும் இதே கதை. புளி ஊற்றிய மீன் குழம்புக்கு எவர்சில்வரோ, பூச்சில்லாத மண் சட்டியோ போதும்.

ஆர்சனிக் கடல் மீனில் நிறையவே இருக்கும், ஆனால் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற தீங்கற்ற வடிவம். சிறுநீரில் அப்படியே போய்விடும். தொல்லை ஆய்வகத்தில்தான் வரும். மொத்த ஆர்சனிக் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளில் கடல் உணவு சாப்பிட்டிருந்தால் எண் எகிறும், வீண் பயம் வரும்.

டேம் மீன் பற்றி

கட்லா, ரோகு, ஜிலேபி மூன்றும் பாசி, தாவரம், நுண்ணுயிர் தின்பவை. வேட்டை மீன்கள் இல்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் பிடித்துவிடுகிறார்கள். பாதரசம் சேர நேரமே இல்லை. அணையிலும் ஆற்றிலும் பல வருஷம் வளர்ந்த பெரிய வாளை, பெரிய விரால் ஆகியவை மற்ற மீனைத் தின்பவை. அங்கே கடல் விதிதான்.

தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணையருகே பொங்கும் நுரையைப் பார்த்து, அந்த ஆற்று மீனில் கன உலோகம் இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நுரை வருவது பெரும்பாலும் சோப்பு, டிடர்ஜென்ட் கலந்த கழிவுநீரால். நுரை இருப்பதால் உலோகம் இருக்கிறது என்றோ, நுரை அடங்கினால் உலோகம் இல்லை என்றோ சொல்லமுடியாது. ஆலைக் கழிவு வரும் நீரில் உலோகம் வண்டலில் படியும். சேற்றைக் கிளறித் தின்னும் மீனின் குடலிலும் செவுளிலும் முதலில் தெரியும். அதனால் இந்த மீன்களை வாங்கும்போது குடல், செவுள், வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வு மூன்றையும் முழுக்க எடுத்துத் தரச் சொல்லிக் கழுவுங்கள்.

எது பலிக்காது, எது பலிக்கும்

மஞ்சள் தடவி ஊறவைப்பது, எலுமிச்சை பிழிவது, கல்லுப்பில் தேய்ப்பது, வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவது: கவிச்சி போகும், பாதரசம் அசையாது. அது கொழுப்பில் இல்லை, சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. தோலை உரித்தாலும் கொழுப்பை நீக்கினாலும் பயனில்லை. "உலோகம் நீக்கும்" கஷாயம், கால் வழியே நச்சு உறிஞ்சும் பட்டை எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு.

பலிப்பது கடையில் எடுக்கும் முடிவுதான். கர்ப்பிணி, பாலூட்டும் தாய், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில், தாய் ஒருவருக்கு வாரம் இரண்டு மூன்று முறையாக மொத்தம் 250 முதல் 350 கிராம் வரை (குழந்தைக்கு அதைவிடக் குறைவாக), அடிவரிசை மீன்களாக வாங்குங்கள். வஞ்சிரம் ஆசை இருந்தால் மாதம் ஒருமுறை, முழு மீன் இரண்டு கிலோவுக்கு மேல் போகாததாக. துண்டு போட்டு வைத்திருந்தால் வட்டத்தின் அகலத்தைப் பாருங்கள். உள்ளங்கையை மறைக்கும் துண்டு பெரிய மீனுடையது.

பல வருஷமாக வாரம் பலமுறை பெரிய கடல் மீன் சாப்பிட்டவருக்குக் கைகால் மரத்துப்போதலோ தள்ளாட்டமோ இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லவேண்டும். இந்த மாவட்டங்களில் மரத்துப்போவதற்கு முதல் சந்தேகம் சர்க்கரை நோயும் பி12 குறைவும்தான், அவற்றை முதலில் பார்ப்பார்கள். பாதரசம் பார்க்கவேண்டும் என்றால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மெத்தில் பாதரசம் சிறுநீரில் அதிகம் போகாததால் சிறுநீர்ப் பரிசோதனை மீன் வழி வந்ததைக் காட்டாது. முடியையும் சோதிக்கலாம்: மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தலையோடு ஒட்டி வெட்டிய மூன்று சென்டிமீட்டர் முடி கடந்த மூன்று மாதச் சாப்பாட்டைச் சொல்லிவிடும். பாதரசம், பாஷாணம் சேர்ந்த நாட்டு மருந்து ஏதாவது எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழி மீன் மேல் விழும்.